பாணும் ரொட்டியும்: மன்னார் வளைகுடாவின் இரு கரைகளில் அடுக்களைச் சொற்கள்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மொழி பேசும் இரு நிலப்பகுதிகளைக் கடல் பிரிக்குமாயின் அன்றாடப் புழங்குபொருள்களின் பெயர்களும் பிரியும் என்பது பொதுவான எண்ணம். பிரித்தானிய ஆங்கிலத்திலும் அமெரிக்க ஆங்கிலத்திலும் அடுக்களைப் பொருள்களின் பெயர்கள் வேறுபடுவதை இதற்குச் சான்றாகக் காட்டுவர். தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையிலான வேறுபாட்டையும் இவ்வாறே விளக்கலாமா என்பதை, புதுமடத்தை உள்ளிட்ட இராமநாதபுரக் கடற்கரையின் வழக்கைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய சொற்களில் வழக்கெல்லை கடலில் அமையவில்லை, தமிழக நிலத்திற்குள் அமைந்திருந்தது; அது கடலுக்கு நகர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: புதுமடம், அடுக்களைச் சொற்கள், திசைச்சொல், கடன்சொல், இலங்கைத் தமிழ், அகராதிக் குறி

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் நான் படித்த கட்டுரையில் தேத்தண்ணி, சுளகு, சீனி, தொதல் முதலிய சொற்கள் இடம்பெற்றிருந்தன. அமர்வின் முடிவில் எழுந்த முதல் வினா, ‘இலங்கைத் தரவுகளை எங்கே திரட்டினீர்கள்?’ என்பதாகும். அத்தரவுகள் புதுமடத்தைச் சார்ந்தவை. உண்மையைக் கூறின், அவற்றுட் பல திரட்டப்பட்டவையும் அல்ல. வீட்டில் கேட்டு வளர்ந்தவை. வினவியவர் மீது குறை காண்பதற்கில்லை. அச்சொற்களை அவர் ஈழத்துப் புனைகதைகளில் படித்திருந்தார்; தம் நாட்டின் ஒரு கடற்கரையில் அவை புழங்குவதைக் கேட்க வாய்ப்பின்றி இருந்தார். ஒரு சொல்லுக்கு நாம் இடும் நாட்டுப் பெயர் அச்சொல்லைப் பேசுவோரை எங்கே நிறுத்துகிறது என்ற வினா அன்று தொடங்கியது.

புதுமடம் இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவை நோக்கி அமைந்த கடற்கரை ஊர். அணித்தான ரயில் நிலையம் உச்சிப்புளி. கிழக்கே மண்டபமும் மேற்கே பெரியபட்டினமும் அதற்கப்பால் கீழக்கரையும் உள்ளன. இவ்வூர்களின் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு இலங்கை என்பது அயல்நாடாக அன்றி, கடை வைத்திருந்த ஊராகவும் உறவினர் வாழ்ந்த ஊராகவுமே நெடுங்காலம் இருந்துள்ளது. மொழி வரலாற்றுக்கு அரசு ஆவணங்களை மட்டும் நாடுவோர் இத்தொடர்பைக் காண்பது அரிது. அடுக்களையில் அது இன்னும் ஒலிக்கிறது.

ஆங்கிலத்தின் இரு கரைகள்

ஒப்பீட்டுக்காக முதலில் ஆங்கிலத்தைச் சிறிது நோக்கலாம். பிரித்தானியர் ‘குக்கர்’ என்பதை அமெரிக்கர் ‘ஸ்டவ்’ என்பர். ‘டின்’ என்பதைக் ‘கேன்’ என்பர். ‘டேப்’ என்பதை ‘ஃபாசெட்’ என்பர். ‘பிஸ்கட்’ என்பதைக் ‘குக்கி’ என்பர். அமெரிக்காவில் ‘பிஸ்கட்’ என்று கேட்டால் மென்மையான சிறு ரொட்டி வகை ஒன்று கிடைக்கும். எச். எல். மென்கென் 1919இல் வெளியிட்ட ‘அமெரிக்க மொழி’ என்ற நூல் இவ்வேறுபாடுகளை விரிவாகத் தொகுத்தவற்றுள் புகழ்பெற்றது.

இவ்வேறுபாடுகள் அனைத்தும் ஒரே காரணத்தால் எழுந்தவை அல்ல என்பதே நமக்குப் பயன்படும் செய்தி. சில, தாயகத்தில் வழக்கொழிந்தோ அருகியோ போன பழஞ்சொற்கள் அமெரிக்கக் கரையில் நிலைத்தமையால் எழுந்தவை, ‘ஃபாசெட்’ இவ்வகையினது. சில, வேற்றுமொழியாருடன் கொண்ட தொடர்பால் எழுந்தவை. ஒரே காய்க்கு பிரித்தானியர் பிரெஞ்சிலிருந்து ‘கோர்ஷெட்’ என்றும், அமெரிக்கர் இத்தாலியத்திலிருந்து ‘சுக்கினி’ என்றும் பெயர் கொண்டனர். மூன்றாம் வகை, இரு நாடுகளும் அரசியலால் பிரிந்த பின்னர்த் தோன்றிய பொருள்களுக்குத் தனித்தனியே இடப்பட்ட பெயர்கள். தகரத்தில் அடைத்த உணவும் எரிவாயு அடுப்பும் 1776க்குப் பின் வந்தவை. ஆகவே அவற்றுக்குப் பொதுப் பெயர் அமைய வாய்ப்பில்லாது போயிற்று.

எச்சம், தொடர்பு, பிரிவு என இம்மூன்றையும் சுருக்கமாகக் குறிக்கலாம். இவற்றைப் பிரித்துப் பாராமல் ‘கடல் பிரித்தது’ என்று ஒரே சொல்லில் முடிப்பது ஆங்கிலத்துக்கே பொருந்தவில்லை. தமிழுக்கு அது எவ்வளவு பொருந்தாது என்பதை இனிக் காண்போம்.

நிலத்திற்குள் அமைந்த எல்லை

வழக்கு இடந்தோறும் வேறுபடும் என்பதைத் தமிழ் இலக்கண மரபு நன்கறியும். தொல்காப்பியம் திசைச்சொல்லுக்கு இடமளிக்கிறது. உரையாசிரியர் சேனாவரையர் காட்டும் எடுத்துக்காட்டுகளில் தென்பாண்டி நாட்டார் ஆவையும் எருமையையும் பெற்றம் என்பதும், குட்ட நாட்டார் தாயைத் தள்ளை என்பதும் அடங்கும். அவ்வெல்லைகள் நாட்டுப் பிரிவுகளால் குறிக்கப்பட்டாலும், வழக்கைப் பேசும் மக்களை ஒட்டியே எண்ணப்பட்டன.

அடுக்களைக்கு வருவோம். வெண்மையாகத் தூய்மை செய்த இனிப்புத் துகளுக்குச் சென்னையிலும் வட தமிழகத்திலும் சர்க்கரை என்று பெயர். மதுரை, இராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி ஆகிய பகுதிகளில் அது சீனி. இலங்கையிலும் சீனியே, மலேசியத் தமிழரிடையேயும் சீனியே. யாழ்ப்பாணத்தில் சர்க்கரை என்றால் வெல்ல வகையைக் குறிக்கும். தென் தமிழகத்திலும் சர்க்கரை என்பது நாட்டுச் சர்க்கரையையே பெரிதும் நினைவூட்டும். சர்க்கரைப் பொங்கலில் இன்றும் வெல்லமே இடப்படுவதால், பழைய பொருள் எதுவென்பதில் ஐயமில்லை. சென்னையில் பழைய பெயர் புதிய பொருளுக்கு மாற்றப்பட்டது. தெற்கிலும் இலங்கையிலும் புதிய பொருளுக்குச் சீனத்தை நினைவூட்டும் புதிய பெயர் வந்து, பழைய பெயர் பழைய பொருளுடன் நின்றது. புதுமடத்துக் கடையில் சர்க்கரை என்று கேட்கும் சென்னை விருந்தினர் சிறிது தடுமாறுவார், யாழ்ப்பாணத்தார் தடுமாறார்.

தானியம் புடைக்கும் கருவிக்கு வடக்கில் முறம். தெற்கிலும் இலங்கையிலும் சுளகு. தேங்காய் ஓட்டுக்கு வடக்கில் கொட்டாங்கச்சி. தெற்கிலும் இலங்கையிலும் சிரட்டை. அகப்பை என்னும் சொல், நகரங்களில் கரண்டிக்கு இடம் கொடுத்துவிட்டு, ‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்ற பழமொழியில் மட்டும் தங்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ அது இன்றும் கையில் பிடிக்கும் பொருளின் பெயர். தென் மாவட்டங்களின் மூத்த தலைமுறையினருக்கும் அப்படியே.

இந்நான்கு சொற்களின் பரப்பை நிலப்படத்தில் வரைந்தால், வழக்கெல்லை பாக்கு நீரிணையிலோ மன்னார் வளைகுடாவிலோ விழாது. தமிழகத்தின் நடுப்பகுதியில் எங்கோ குறுக்காகச் செல்லும். இராமநாதபுரக் கடற்கரை அதன் தெற்கே, இலங்கையுடன் ஒரே பக்கத்தில் நிற்கும். ஆங்கிலத்தின் எச்ச வகையோடு இதனை ஒப்பிடலாம் என்றாலும், ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அங்கே எச்சத்தைக் காத்தது கடல் கடந்த குடியேற்றம். இங்கே கடலின் இருபுறமும் ஒன்றாகவே காத்து நின்றன.

கத்தரிக்காய் இதற்கு மறுதலையான செய்தியைத் தருகிறது. பிரித்தானியர் அதனை அரபு வழிவந்த ‘ஓபர்ஜீன்’ என்றும், அமெரிக்கர் அதன் தோற்றம் கருதி முட்டைச் செடி என்றும், இந்தியாவிலும் இலங்கையிலும் ஆங்கிலம் பேசுவோர் போர்த்துக்கீசிய வழிவந்த ‘பிரிஞ்ஜால்’ என்றும் கூறுவர். தமிழில் இரு கரைகளிலும் கத்தரிக்காய்தான். கொல்லையில் விளைவதற்குக் கப்பல் பெயர் கொண்டுவர வேண்டியதில்லை.

கப்பல் கொண்டுவந்த சொற்கள்

தொடர்பால் எழுந்த சொற்களே இவ்வாய்வின் சிக்கலான பகுதி. அவற்றைக் கிழக்கிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வந்தவை, ஐரோப்பியர் வழி வந்தவை எனப் பிரித்தால் தெளிவு கிடைக்கும்.

பெரியபட்டினத்தில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு ஆகியோரின் ஆய்வுகளால் இவ்வூர் இந்தியப் பெருங்கடல் வணிக வரலாற்றில் இடம்பெற்றது. புதுமடத்திலிருந்து சிறு தொலைவில் மண்ணுக்குள் கிடந்தவை உணவுக்கலங்களின் உடைசல்கள் என்பது நினைக்கத்தக்கது. பீங்கான் என்னும் சொல் பாரசீகத்தில் கிண்ணத்தையும், மலாயில் ‘பிங்கான்’ எனத் தட்டையும் குறிக்கும். சிங்களத்தில் ‘பிங்கான’ என்பது தட்டு. தமிழகத்தின் உள்நாட்டுப் பகுதிகளில் பீங்கான் ஒரு மூலப்பொருளின் பெயர்: பீங்கான் ஜாடி, பீங்கான் குவளை என அடைமொழியாக வரும். இலங்கைத் தமிழில் அது தனித்து நின்று உண்ணும் தட்டைக் குறிக்கிறது. கலத்தின் பெயராக வழங்குமிடத்தில் அக்கலம் அன்றாடம் கைக்கு வந்த பொருளாக இருந்தது என்றும், மூலப்பொருளின் பெயராக மட்டும் வழங்குமிடத்தில் அது அரும்பொருளாக வந்து சேர்ந்தது என்றும் கருத இடமுண்டு.

மலாயத் தொடர்பின் மற்றொரு சான்று தொதல். மலாயில் ‘டோடோல்’ எனப்படும் இவ்வினிப்பு இலங்கையிலும் கீழக்கரையிலும் தொதல் என்றே வழங்குகிறது. தேங்காய்ப்பாலும் வெல்லமும் நெடுநேரம் கிளறப்பட்டுக் கருமையாகத் திரள்வது. தமிழகத்தின் பிற பகுதிகளில் இதனை அறியாதார் அல்வாவின் ஒரு வகை என்று கருதுவர். அரைத்துத் தொட்டுக்கொள்ளும் கூட்டுக்கு உள்நாட்டில் துவையல், சட்னி என்பன பெருவழக்கு. இலங்கையில் மலாய் வழிவந்த சம்பல். கீழக்கரைப் பகுதி முஸ்லிம்களின் அடுக்களையிலும் சம்பல் உண்டு. அதனுடன் மாலத்தீவிலிருந்து வரும் மாசியும் உண்டு. தேத்தண்ணி என்ற தொகைச்சொல்லும் இப்பட்டியலில் சேரும். விருந்துகளில் பலர் சூழ்ந்து அமர்ந்து உண்ணும் பெருந்தட்டுக்குச் சகன் என்பது பெயர், அரபுச் சொல். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கை முஸ்லிம்களிடையேயும் பொருளும் முறையும் சொல்லும் ஒன்றே. வட்டலப்பத்தை வட்டில், அப்பம் எனப் பிரித்துக் காட்டுவர். அப்பிரிப்பு சரியாயின், வழக்கொழிந்து வரும் வட்டில் என்னும் உண்கலப் பெயர் ஓர் இனிப்பின் பெயருக்குள் இரு கரைகளிலும் ஒளிந்திருக்கிறது எனலாம். இவை யாவும் கடலைப் பாலமாகக் கொண்ட சொற்கள்.

ஐரோப்பியர் வழி வந்தவற்றிலேதான் கரைகள் பிரியத் தொடங்குகின்றன. அங்கும் முழுமையாக அல்ல. மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் ஆகிய போர்த்துக்கீசியச் சொற்கள் இரு கரைகளுக்கும் பொது. ஆசிய மொழிகளில் போர்த்துக்கீசியச் சொற்களைத் தொகுத்து 1913இல் நூல் வெளியிட்ட தல்காதோ காட்டிய பரப்பு இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து மலாயத் தீவுகள் வரை நீள்கிறது. ஆயினும் ‘பாவுங்’ என ஒலிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்த பாண் இலங்கைத் தமிழுக்கு உரியது. தமிழகத்தில் ரொட்டி அல்லது பிரட். அதே போர்த்துக்கீசியச் சொல் மும்பையில் பாவ் என்று வழங்குகிறது. இலங்கையில் ரொட்டி என்பது தட்டையாகச் சுடப்படுவதைக் குறிக்குமாதலால், தமிழகத்தார் ‘ரொட்டி’ என்று கேட்டு வேறொன்றைப் பெறும் வாய்ப்பு அங்கே உண்டு. அமெரிக்காவில் பிஸ்கட் கேட்ட பிரித்தானியரின் நிலைதான். சிறு ரொட்டிக்குத் தமிழகத்தில் பன், யாழ்ப்பாணத்தில் பணிஸ். ஆங்கிலப் பன்மை ஈறு அங்கே ஒருமைச் சொல்லின் உடலாகிவிட்டது. பொரிக்கும் கலத்துக்கு இங்கே வாணலி, இருப்புச்சட்டி. அங்கே ‘தாஷோ’ என்பதன் வழிவந்த தாச்சி. அடுக்களைக்கே அங்கே குசினி என்ற பெயரும் உண்டு.

மேசை இரு கரைகளுக்கும் பொதுவாக, பாண் மட்டும் ஏன் ஒரு கரையில் நின்றது? என் கருத்தில், மேசையும் அலமாரியும் பொருளோடு பயணம் செய்யும் பெயர்கள். தச்சர் ஒருவர் கண்டு செய்தால் போதும். பாண் அவ்வாறன்று. அதற்கு அடுமனை வேண்டும், கோதுமை வேண்டும், நாள்தோறும் வாங்குவோர் வேண்டும்; அதாவது நிலைத்த ஆட்சியும் நகரமும் வேண்டும். யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கீசியர் கையில் வீழ்ந்தது. இராமநாதபுரக் கரையோ சேதுபதிகளின் ஆட்சியில் இருந்தது. அங்கே போர்த்துக்கீசியர் வந்து சென்றனர், குளித்தெடுத்த முத்துக்கு விலை பேசினர், மறைப்பணி செய்தனர், ஆனால் நிலத்தை ஆளவில்லை. பாணையும் பாவையும் கோவா, மும்பை, இலங்கை ஆகிய போர்த்துக்கீசியர் ஆண்ட நிலங்களில் காண்பது இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

எனினும் ஆட்சி ஒன்றே காரணம் என்று நிறுத்திவிட இயலாது. டச்சுச் சொல் ஒன்று இதற்குத் தடையாக வருகிறது. யாழ்ப்பாணம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் மூன்றும் 1658இல் டச்சுக்காரர் வசமாயின. அதற்கு ஆறாண்டுகளுக்குப் பின், 1664இல், வட அமெரிக்காவில் டச்சுக்காரர் நிறுவிய நியூ ஆம்ஸ்டர்டாம் ஆங்கிலேயர் கைக்குச் சென்று நியூயார்க் ஆயிற்று. அங்கே டச்சுக் குடிகள் விட்டுச் சென்ற ‘கூக்யெ’ என்ற சொல்லே அமெரிக்கரின் குக்கி. அதே சொல்லின் பன்மை வடிவம் இலங்கையில் கொக்கிஸ் எனத் தங்கியது. மாவில் தோய்த்த அச்சை எண்ணெயில் இட்டுப் பொரிக்கும் அப்பண்டம் இன்று சிங்களப் புத்தாண்டின் அடையாளம். தமிழகத்தில் அதே பண்டம் அச்சு முறுக்கு. தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் டச்சுக்காரர் ஏறத்தாழ இலங்கையைப் போன்றே நெடுங்காலம் வைத்திருந்தும் கொக்கிஸ் இங்கே ஊன்றவில்லை. இலங்கையில் டச்சு வழித்தோன்றல்கள் பறங்கியர் என்னும் சமூகமாகக் குடியமர்ந்து தம் அடுக்களையைத் தொடர்ந்தனர்; தமிழகக் கரையில் பண்டகசாலைகளே முதன்மையாக இருந்தன. அடுக்களைச் சொல்லைப் பரப்புவது கோட்டையினும் குடும்பமே என்று தோன்றுகிறது. நியூயார்க்கின் செய்தியும் இதற்கு ஒத்துவருகிறது.

எல்லை கடலுக்கு நகர்ந்த காலம்

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. சென்னையில் ரயிலேறியவர் இடையில் கப்பல் மாறிக் கொழும்பு சேரலாம். அவ்வரை நூற்றாண்டு, சொற்கள் தடையின்றிப் போய்வந்த காலம். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழரை எண்ணிப் பிரித்து இரு நாடுகளுக்கும் பகிர்ந்தது. 1974இல் பாக்கு நீரிணையிலும், 1976இல் புதுமடத்துக்கு எதிரேயுள்ள மன்னார் வளைகுடாவிலும் கடல் எல்லை வரையப்பட்டது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் போர்ச் சூழலில் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியபோதும் தலைமன்னார் வழி மூடியே கிடந்தது.

இக்காலத்தில் அடுக்களைக்கு வந்த கருவிகளை நோக்கினால் பெயர்கள் நீரிணையின் நடுவே துல்லியமாகப் பிரிகின்றன. தமிழகத்தில் குக்கர் என்றால் ஆவியை அடக்கிச் சமைக்கும் கலன். 1950களின் இறுதியிலிருந்து இந்தியத் தொழிற்சாலைகள் அதனைப் பரப்பின. எரிக்கும் கருவி இங்கே ஸ்டவ் அல்லது கேஸ் அடுப்பு. இலங்கையிலோ காஸ் குக்கர் என்பது எரிவாயு அடுப்பையே குறிக்கும். பிரித்தானியர் பொருள் அது. இரு நாடுகளும் ஒரே பேரரசின் கீழ் ஆங்கிலம் கற்றவை. ஆயினும் ஒரு கரையில் பிரித்தானியப் பொருளும் மறுகரையில் வேறொரு பொருளும் நிலைத்தன. இங்கே ஆங்கிலத்தின் பிரிவு வகை முழுமையாகப் பொருந்துகிறது.

மிக்சி இன்னும் தெளிவான சான்று. அச்சுருக்கப் பெயர் இந்தியாவுக்கு உரியது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, குடும்ப அட்டை கொண்ட வீடுகளுக்குள் கருவியோடு பெயரும் நுழைந்தது. தமிழகத்தில் கிரைண்டர் என்பது மாவரைக்கும் கல் பொருத்திய இயந்திரம் ஒன்றையே குறிக்கும். இலங்கைச் சமையற் குறிப்புகளில் ‘கிரைண்டரில் அரைத்து’ என்று படிக்கும் தமிழகத்தார் இட்லி மாவை நினைப்பர். எழுதியவர் கருதியதோ இங்குள்ளோரின் மிக்சியை. ஈழத்தில் இதே காலத்தில் ஏற்பட்ட தனித்தமிழ் ஆக்கம் வெதுப்பகம் என்ற சொல்லைக் கடைப் பலகைகளில் ஏற்றியது. இங்கே அது பேக்கரியாகவே உள்ளது. எழுத்தும் பிரிந்தது: ஆங்கில டகர ஒலியை ரகரத்தால் எழுதும் ஈழ மரபில் டின் மீன் ‘ரின் மீன்’ ஆகும்.

மண்டபம் முகாமை இவ்விடத்தில் விட்டுவிட முடியாது. தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்ட அவ்விடம், 1980களிலிருந்து போரால் பெயர்ந்து வந்தோரின் உறைவிடமாயிற்று. புதுமடத்துக்கு மிக அண்மையில், பாண் என்றும் பேணி என்றும் சொல்வோர் ஒரு தலைமுறைக்கு மேலாக வாழ்கின்றனர். அவர்கள் சொல்லும் சீனியும் சுளகும் இவ்வூரார் சொல்லும் சீனியும் சுளகுமே.

அகராதிக் குறிகள்

தமிழ் அகராதி வரலாறே கடல் கடந்தது. 1842இல் மானிப்பாயில் அச்சேறிய யாழ்ப்பாண அகராதி, யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி மிரோன் வின்சுலோ 1862இல் சென்னையில் வெளியிட்ட பேரகராதி, இவற்றைப் பயன்கொண்டு 1924 முதல் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஆகியவை ஒரு தொடர்ச்சி. லெக்சிகனில் யாழ்ப்பாண வழக்குக்கெனத் தனிக் குறி உண்டு. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியின் 2008 பதிப்பு இலங்கைத் தமிழ் வழக்கைச் சேர்த்துக்கொண்டது. தமிழ் அகராதியியலில் அது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. 1982இல் கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒரு நிலப்பகுதியின் பேச்சுக்கு அச்சில் இடமளித்தது. இராமநாதபுரக் கடற்கரையின் முஸ்லிம் பெண்களும் மீனவப் பெண்களும் புழங்கும் சொற்களுக்கு அத்தகைய முயற்சி வேண்டும்.

‘இலங்கை வழக்கு’ என்ற குறி, அச்சொல் இலங்கையில் வழங்குகிறது என்று மட்டுமே கூறுகிறது. தமிழகத்தில் எங்கும் இல்லை என்று நாம்தான் சேர்த்துப் படிக்கிறோம். அதன் விளைவு சிறிதன்று. தொதல் என்று தேர்வுத்தாளில் எழுதும் புதுமடத்து மாணவி பிறநாட்டுச் சொல்லைப் பயன்படுத்தியவளாகக் கருதப்படுகிறாள். அல்லது தன் சொல்லை அடித்துவிட்டு அல்வா என்று எழுதக் கற்றுக்கொள்கிறாள். இரண்டாவது நிகழும்போது நம்மிடம் தரவு மிஞ்சாது.

ஆகவே குறிகள் சொல்லுக்குச் சொல் வேறுபட வேண்டும் என்று கருதுகிறேன். காஸ் குக்கர், வெதுப்பகம் ஆகியவற்றுக்கு இலங்கை என்ற குறி பொருந்தும். பாண், தாச்சி, பணிஸ் ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கடற்கரை முதியோரிடம் அவை எந்த அளவுக்கு வழங்கின என்பதை ஊர்தோறும் கேட்டுப் பதிந்த பின்னரே உறுதி செய்யலாம். தொதல், சம்பல், சகன் ஆகியவற்றுக்கு ‘இராமநாதபுரக் கடற்கரை, காயல்பட்டினம், இலங்கை’ என்பது போன்ற கரைவழிக் குறி வேண்டும். சீனிக்கும் சுளகுக்கும் சிரட்டைக்கும் ‘தென் தமிழகம், இலங்கை’ என்றிட்டு, சர்க்கரை, முறம், கொட்டாங்கச்சி ஆகியவற்றுக்கு ‘வட தமிழகம்’ என்று இடுவதே முறை. இப்போது குறியின்றிப் பொதுத்தமிழாக நிற்பவை அவைதாம்.